பேசவில்லை

ஜூன் 24, திங்கள்

மதிய இடைவேளையில் எஸ்தர் டீச்சர் என் மேசைக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஆங்கிலம் எடுப்பவர். எங்கள் பள்ளிக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படிக்கிறார். அந்த ஆய்வுக்கு என் உதவி வேண்டுமாம்.

ஒரே பாடங்களை இரண்டு பிரிவிலும் பத்து வாரம் நடத்த வேண்டும். 'பி'யில் அவர் குழுமுறையில் நடத்துவார். நான்கு நான்கு பேராகப் பிள்ளைகளை உட்கார வைத்து, பாடத்தை நாலு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவாராம். அவரவர் துண்டை அவரவர் படித்து மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணும் குழுவுக்குத்தான். 'ஏ' பிரிவு என்னுடையது.

"அதுல நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"புதுசா எதுவும் வேண்டாம் சார். நீங்க எப்பவும் போல நடத்துங்க. உங்க வகுப்போட ஒப்பிட்டுத்தான் குழுமுறை நல்லதா இல்லையான்னு சொல்ல முடியும்."

எப்பவும் போல. இருபத்தொன்பது வருஷமாக நடத்துகிற மாதிரி. நான் வாசிப்பேன், தமிழில் பொருள் சொல்வேன், கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டு சேர்ந்து சொல்வார்கள். இந்த ஊரில் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பமாவது தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அப்படிப் படித்தவர்கள்தான். சரி என்று சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி சம்பூர்ணத்திடம் விவரம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு என்னவோ சொன்னாள். இப்போதெல்லாம் இவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

ஜூலை 1, திங்கள்

எழுத்துத் தேர்வு வைத்துப் பார்த்தோம். 'ஏ' பிரிவின் சராசரி நாற்பத்தொன்று, 'பி' பிரிவு நாற்பது. சரிசமமான இடத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

என் வகுப்பில் சுபாஷினி என்ற பெண் இருக்கிறாள். முதல் பெஞ்சு. வெண்கலக் குரல். பின்வரிசையில் யாராவது பதில் சொன்னால் அதை ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொல்வது அவளுக்கு வழக்கம். நல்ல வழக்கம். எல்லோர் மனதிலும் பதியும். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பக்கத்து வகுப்பில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எட்டுக் குழு, முப்பத்திரண்டு வாய். சுவர் தாண்டி ஒரே இரைச்சல், தண்ணீர் கொதிப்பது போல. அதில் ஒரு வார்த்தைகூடத் தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை. இதில் என்ன படிப்பு நடக்கும் என்று தெரியவில்லை.

சாயங்காலம் சம்பூர்ணம் கோவிலுக்குப் போகும்போது மூன்று விசில் வந்ததும் குக்கரை இறக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது.

அவள் திரும்பி வந்து குக்கரைத் தேய்த்தாள். புதிதாகப் பருப்பு போட்டாள்.

ஜூலை 20, சனி

குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி கழுவினேன். மதியம் பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். இந்த ஊரில் சிக்னல் மோசம். போனைச் சம்பூர்ணத்திடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 31, புதன்

எஸ்தர் இன்று மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தார். ஆசிரியர் அறையில் எனக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜீவிதான்னு ஒரு பொண்ணு சார், மூணாவது குழு. ஆறாம் வகுப்புல இருந்து வாயே திறக்காதாம். போன வருஷ டீச்சர்ஸ் எல்லாம் அதக் கேள்வி கேக்கறதையே விட்டுட்டாங்களாம். இன்னைக்கு அது தன்னோட துண்ட மத்த மூணு பேருக்கும் சொல்லிக்கொடுத்துச்சு சார். இங்கிலீஷ்ல. நான் பக்கத்துல போனா நிறுத்திடும்னு ஜன்னல்கிட்டயே நின்னு கேட்டேன்."

ஒரு பத்தியை வாசித்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன். நல்லது டீச்சர் என்றேன்.

அந்தப் பெண்ணின் அம்மா தறிப்பட்டறையில் வேலை செய்கிறாராம். எங்கள் ஊரில் விசைத்தறி ஓடாத தெரு கிடையாது. என் அப்பாவும் பட்டறை வைத்திருந்தவர்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

ரோட்டைக் கடக்கும்போது ஒரு பையன் பைக்கில் உரசுகிற மாதிரி வந்து திட்டிவிட்டுப் போனான். இந்தக் காலத்துப் பையன்கள் ஹாரன் அடிப்பதே இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

எஸ்தரின் நெறியாளர் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார். எழுத்துத் தேர்வு மட்டும் போதாதாம், பேச்சுத் தேர்வும் வேண்டுமாம். தன் வகுப்புக்குத் தானே மதிப்பெண் போட்டால் பாரபட்சம் வரும் என்பதால் ஆசிரியர்கள் மாறிக்கொள்ள வேண்டும். என் பிள்ளைகளை எஸ்தர் சோதிப்பார். அவர் பிள்ளைகளை நான்.

"உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார். அதை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. ஒரு சிரமமும் இல்லை என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

பேச்சுத் தேர்வு. அறிவியல் ஆய்வகத்தில் வைத்தேன். ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். தலைப்பு, 'என் வீட்டில் ஒருவர் செய்யும் வேலை'. ஐந்து வாக்கியம் பேச வேண்டும். வாக்கியத்துக்கு இரண்டு மதிப்பெண்.

மேலே பழைய மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. புழுக்கத்தில் நிறுத்தவும் முடியவில்லை. 'பி' பிரிவுப் பிள்ளைகள் பாதிப்பேர் தொண்டைக்குள்ளேயே பேசுகிறார்கள். ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சொல்லிப் பழகியதன் விளைவு. எனக்குக் கேட்ட வாக்கியங்களுக்கு மதிப்பெண் போட்டேன். ஆறேழு பையன்கள் நன்றாகப் பேசினார்கள். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று.

ஜீவிதா இருபத்தோராவதாக வந்தாள். தலையைக் குனிந்து, துப்பட்டா நுனியை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் போல நின்றிருப்பாள். பூஜ்யம் போட்டு, குறிப்புப் பகுதியில் 'பேசவில்லை' என்று எழுதினேன்.

நாற்காலியில் உட்கார்ந்தே இருந்ததில் முதுகுவலி.

செப்டம்பர் 12, வியாழன்

மதிப்பெண் பட்டியலோடு அரைப் பக்கம் என் கருத்தும் எழுதி எஸ்தரிடம் கொடுத்தேன். குழுவில் பழகிய பிள்ளைகள் தனியாக நிற்கும்போது குரல் எழும்புவதில்லை என்றும், அந்த முறையின் குறையாக அதைக் கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தேன். அவர் நின்றபடியே படித்தார். பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இவ்வளவு குறையும்னு நான் நினைக்கல சார்" என்றார்.

"வகுப்புல உங்களுக்குச் சொல்றது வேற, புது ஆள் முன்னால சொல்றது வேற டீச்சர்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 16, திங்கள்

ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியர் பழனியப்பன் முடிவுகளை வாசித்தார். எழுத்தில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்று. பேச்சில் என் வகுப்புக்குப் பத்துக்கு ஆறு புள்ளி நான்கு. 'பி' பிரிவுக்கு மூன்று புள்ளி ஒன்று. எஸ்தர் என் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைத்துப் போடவில்லை. நேர்மையானவர்.

"பெஞ்சத் திருப்பிப் போட்டு வகுப்பச் சந்தைக்கடையாட்டம் பண்ணுனது போதும்" என்றார் தலைமையாசிரியர். "காலாண்டு லீவு முடிஞ்சு எல்லாம் பழையபடி வரிசையா இருக்கோணும். குழந்தைவேலு சார் முறைக்கு மிஞ்சி ஒண்ணுமில்லைன்னு இப்பக் கணக்கே சொல்லிப்போடுச்சு."

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். பார்த்தேன். எஸ்தரும் தட்டினார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, புதன்

ஜீவிதாவின் அம்மா வந்திருந்தார். சரஸ்வதி என்று பெயர். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள் அப்படியே இருந்தது. தலைமையாசிரியர் அறைக்கு என்னையும் எஸ்தரையும் கூப்பிட்டார்கள். ஜீவிதா கதவோரம் நின்றாள்.

அந்த அம்மா என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க சார், எம்புள்ள பேசுனேன்னு சொல்லுதுங்க. அஞ்சு வரியும் சொன்னேன்னு அழுவுதுங்க. உங்களத்தான் கேக்கோணும்னு வந்தனுங்க."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லீங்கம்மா. வாயைத் தொறக்கவே இல்ல."

"அப்பப் பொய்தான் சொல்லியிருக்குது" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "நேத்தே ரெண்டு வெச்சனுங்க. வாத்தியார் எதுக்குப் பொய் சொல்றாருன்னு கேட்டேன். தொந்தரவு பண்ணிப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க சார்."

என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

எஸ்தர் அந்தப் பெண்ணிடம் குனிந்து என்னவோ சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். இடது கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. மழை இல்லை. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலாண்டு விடுமுறை முடிந்து நேற்றுப் பள்ளி திறந்தது. 'பி' பிரிவில் பெஞ்சுகள் வரிசையாகிவிட்டன. பக்கத்து வகுப்பிலிருந்து இப்போது ஒரு சத்தமும் வரவில்லை.

வருகைப் பதிவேட்டை எதற்கோ புரட்டியபோது பார்த்தேன். ஜீவிதா இரண்டு நாளும் வரவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இதை எழுதுவதா வேண்டாமா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன்.

சுபாஷினிக்குக் காய்ச்சல், நேற்றிலிருந்து வரவில்லை. மூன்றாம் பாடவேளையில் செயப்பாட்டு வினை நடத்தினேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனை எழுப்பி ஒரு வாக்கியத்தை மாற்றச் சொன்னேன். வாய் அசைந்தது. "தெரியாட்டி தெரியலன்னு சொல்லு, முணுமுணுக்காத" என்றேன். மறுபடி அசைந்தது. "சத்தமாச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்று மேசையைத் தட்டினேன். மூன்றாம் முறையும் அப்படியே. அவன் முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கீர்த்தனா என்ற பெண் எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டாள். கிட்ட வந்து நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"சார், அவன் மூணு தடவையும் சரியாத்தானுங்க சொன்னான். சுபா வரலைங்க, அதனாலதான்."

"சுபா வராததுக்கும் இதுக்கும் என்ன?"

"அவதானுங்க உங்களுக்குக் கேக்கறாப்பல திருப்பிச் சொல்லுவா."

"எனக்கு எதுக்குத் திருப்பிச் சொல்லணும்?"

அவள் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் காது மந்தமுங்களே சார். ஏழாவதுல நீங்க எங்களுக்கு வந்தப்ப இருந்து இப்படித்தானுங்க. முறை போட்டு வெச்சிருக்கறோம். சுபா இல்லைன்னா நான் சொல்லோணும். நான் மறந்துட்டனுங்க சார்."

மறந்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள்.

உட்கார் என்றேன். பாடத்தை முடித்தேன்.

அக்டோபர் 16, புதன்

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

அக்டோபர் 19, சனி

சம்பூர்ணத்தைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். வியாழக்கிழமை அவளிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "மூணு வருசமாச் சொல்றனுங்க. நாஞ் சொல்றதுதான் உங்களுக்குக் கேக்கறதில்லையே" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது.

ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரம்பித்துப் பாதி முடிந்திருந்ததாம்.

இடது காதில் பெரும்பகுதி போய்விட்டது. வலதில் பாதி. டாக்டர் கேட்டார், "தறி ஓட்டியிருக்கீங்களா?" பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துமூன்று வரை, படிப்பு நேரம் போக அப்பாவின் பட்டறையில்தான் இருந்தேன் என்றேன். "அதுதான் ஆரம்பம். அப்புறம் வயசு. குழந்தைங்க சன்னமாப் பேசினா உங்களுக்கு வார்த்தை பிடிபடாது. வாயசைவைப் பாத்துத்தான் இத்தனை நாள் சமாளிச்சிருக்கீங்க. உங்களுக்கே தெரியாம."

எனக்கே தெரியாமல் என்று டாக்டர் சொன்னது பெருந்தன்மை.

இந்த நோட்டில் செப்டம்பர் 11 அன்று நான் முழுதாக எழுதவில்லை. ஜீவிதா ஒரு நிமிஷம் நின்றாள் என்று எழுதியிருக்கிறேன். சும்மா நிற்கவில்லை. துப்பட்டாவுக்குக் கீழே அவள் தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். ஐந்து தடவை சின்னதாக மூச்சு வாங்கினாள். முடித்ததும் நிமிர்ந்து, சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அவள் பேசினாள் என்று எனக்கு அப்போதே தெரியும். என்ன பேசினாள் என்பதுதான் தெரியாது. இன்னொரு முறை சொல்லச் சொன்னால் போதும். அதற்கு நாக்கு எழவில்லை. 'பேசவில்லை' என்று எழுதுவது சுலபமாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் இரண்டும் மூன்றும்கூட அப்படிப் போட்டவைதான்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா கேட்டபோதும் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் எஸ்தரைத் தனியாக நூலக அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டை அசைந்ததைப் பார்த்தது வரை. அவர் என் முகத்தை நேராகப் பார்த்து, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"நாலு மாச வேலை சார். அந்த மார்க்க வெச்சு ஒரு அத்தியாயமே எழுதி அனுப்பிட்டேன்."

"தெரியும்."

"அதுகூடப் போகட்டும். அன்னைக்கு ஹெச்.எம். ரூம்ல அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கேட்கவில்லை என்றேன்.

"இனிமே பொய் சொல்லாதேன்னு சொன்னேன் சார். ஜன்னல் பக்கத்துல நின்னு அது பேசுறத என் காதால கேட்டவ நான். உங்க மேல இருந்த மரியாதைல, நான் கேட்டத நானே நம்பல."

எழுந்து போய்விட்டார். மதியம் வரை என் பக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தலைமையாசிரியரிடம் எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். 'பி' பிரிவுக்கு நான் போட்ட பேச்சு மதிப்பெண்கள் செல்லாது, என் செவித்திறன் குறைவே காரணம், வேறு ஆசிரியர்களைக் கொண்டு மறுதேர்வு நடத்த வேண்டும் என்று மூன்று வரி. அவர் இரண்டு தடவை படித்தார்.

"நாலு வருசந்தான் இருக்குதுங்க சார் நீங்க ரிட்டயர் ஆகறதுக்கு. எதுக்கு எழுதிக் குடுக்கறீங்க? மேல போச்சுன்னா உங்களையே வகுப்பு எடுக்க வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க. மறுதேர்வுதானே, நான் வாய்வார்த்தையா ஏற்பாடு பண்ணிப்போடறேன்."

"வாய்வார்த்தை வேண்டாமுங்க சார். கடிதத்த வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டார். பெஞ்சுகளைப் பற்றி நான் கேட்டதற்கு, மறுதேர்வு முடியட்டும் என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

பள்ளி விட்டதும் சரஸ்வதி வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். பதினாறு தறி. உள்ளே நுழைந்ததும் தரை அதிர்வது செருப்பு வழியாக ஏறியது. அந்தச் சத்தத்தில் நல்ல காது உள்ளவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. பட்டறைக்காரர்கள் உதட்டால்தான் பேசிக்கொள்வோம். நான்கு தறி தள்ளி நின்றே அந்த அம்மா என்னைப் பார்த்து, என்னங்க சார் என்று உதட்டசைத்தார். நானும் குரல் எழுப்பாமல் சொன்னேன்.

"உங்க பொண்ணு அன்னைக்குப் பேசுச்சுங்க. எனக்குத்தான் காது கேக்கல. கேக்கலைன்னு சொல்ல மானம் விடல. அதுதான் பொய் சொல்லிப்போட்டேன்."

அவர் கையை நீட்டித் தன் தறியை நிறுத்தினார். மற்ற பதினைந்தும் ஓடிக்கொண்டிருந்தன. "நான் அடிச்சுப்போட்டனுங்களே" என்று உதடு சொன்னது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டு தெரு தள்ளி ஒரே அறை வீடு. ஜீவிதா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிட்டுத் தையல் பழகப் போகிறேன் என்கிறாளாம். அவள் அம்மாவிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். தொண்டை அசைந்ததைப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. ஒரு பாவாடை, இரண்டு சட்டை, ஒரு துண்டு. எல்லாம் முடிந்ததும் தலையைத் தூக்கினாள்.

"இத எங்க கிளாஸ்ல வந்து சொல்லுவீங்களா சார்? எல்லாரும் என்னப் பொய்க்காரின்னுதான் கூப்பிடறாங்க."

"சொல்றேன்."

"நான் இருக்கறப்பச் சொல்லோணும்."

"நீ வர்ற அன்னைக்குச் சொல்றேன்."

அந்த அம்மா டீ வைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

வந்திருந்தாள். இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

இந்த வகுப்பறைகளில் இருபத்தொன்பது வருஷம் நின்றிருக்கிறேன். இன்று மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது. பேச்சுத் தேர்வில் நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்டமாதிரி மதிப்பெண் போட்டேன். ஜீவிதா ஐந்து வாக்கியமும் பேசினாள். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப எங்க மார்க்குங்க சார்?" என்றான். நியாயமான கேள்வி. மறுதேர்வு உண்டு, வேறு பள்ளியிலிருந்து ஆசிரியர்கள் வருவார்கள் என்று எஸ்தர் சொன்னார்.

வெளியே வரும்போது ஜீவிதாவைப் பார்த்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 6, புதன்

வலது காதுக்குக் கருவி வந்துவிட்டது. முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். இவ்வளவு சத்தமாகவா நடக்கிறேன் என்று சம்பூர்ணத்தைக் கேட்டேன். கத்தாதீங்க என்றாள்.

இன்று 'ஏ' பிரிவில் குழுமுறையை நானும் முயன்று பார்த்தேன். எஸ்தர் கூடவே இருந்தார். பத்துக் குழுவும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்ததும் கருவி எல்லாவற்றையும் சேர்த்து மண்டைக்குள் கொட்டியது. பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். இது எனக்கு வராது. வராததை வராது என்று எழுதிவைக்கிறேன். ஆனால் கழற்றிய பிறகு சும்மா நின்று பார்த்தேன். என் கரும்பலகையை இத்தனை வருஷமாகத் தூங்கி வழிந்து பார்த்த பையன் ஒருவன், தன் துண்டுக் காகிதத்தை விரலால் குத்திக் குத்திப் பக்கத்தில் இருப்பவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

சுபாஷினியும் கீர்த்தனாவும் முறை போட்டு எனக்காகப் பேசிய விஷயத்தை எஸ்தரிடம் விவரமாகச் சொன்னேன். எந்த பெஞ்சுக்கு யார், ஒருவர் வராவிட்டால் அடுத்தது யார் என்றெல்லாம் நோட்டின் பின் அட்டையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதால் அது சரியா என்று முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம்.

"அப்ப உங்க வகுப்பும் குழுவாத்தான் படிச்சிருக்கு சார். எதோட எத ஒப்பிட்டேன்னே எனக்குத் தெரியல" என்றார். இரண்டு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். "இதையும் ஆய்வுல எழுதணும்."

எழுதுங்கள் என்றேன்.

நவம்பர் 13, புதன்

மறுதேர்வு. இரண்டு பிரிவுக்கும், பேச்சோடு எழுத்தும் சேர்த்து. வேறு ஊரிலிருந்து இரண்டு ஆசிரியைகள் வந்து நடத்தினார்கள். நான் நாள் முழுக்க ஆறாம் வகுப்பில் இருந்தேன். அந்தப் பக்கம் போகவில்லை.

நவம்பர் 20, புதன்

முடிவு வந்துவிட்டது. பேச்சில் 'பி' பிரிவுக்கு ஆறு புள்ளி எட்டு, என் வகுப்புக்கு ஆறு. இலக்கணத்திலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் என் பிள்ளைகள் மேலே. வாரத்தில் மூன்று நாள் பெஞ்சைத் திருப்பிக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் எஸ்தருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். என் கடிதத்துக்கு மேலிருந்து இன்னும் பதில் இல்லை. வந்தால் வரட்டும்.

மதியம் ஆசிரியர் அறையில் தனியாக இருந்தேன். ஜீவிதா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். மேசைக்கு இந்தப் பக்கம், என் வலது கைப்பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள். ஏழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

"மறுதேர்வுல அந்த மேடம்கிட்டச் சொன்னேனுங்க. உங்ககிட்டயும் ஒருக்காச் சொல்லட்டுங்களா சார்?"

சொல்லம்மா என்றேன்.

துப்பட்டாவைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். சன்னமான குரல்தான். இதுவரை நான் கேட்டிராத குரல். "மை மதர் ஒர்க்ஸ் இன் எ லூம் ஷெட்" என்றாள். அவள் அம்மா தினமும் பத்து மணிநேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறாள் என்று இரண்டாவது. மூன்றாவதைச் சொல்லும்போது வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஓடினார்கள். கருவிக்குள் எல்லாம் கலந்துபோயிற்று. அவள் நான்காவதற்கு மூச்சு எடுத்தாள்.

"இரும்மா" என்றேன். "மூணாவது எனக்குக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லு."

தாழ்வாரம் அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "ஷி கேனாட் ஹியர் மீ, ஸோ ஷி லுக்ஸ் அட் மை ஃபேஸ்."

அம்மாவுக்கு நான் பேசுவது கேட்காது, அதனால் என் முகத்தைப் பார்ப்பாள்.

செப்டம்பரிலும் இதைத்தான் சொன்னாயா என்று கேட்டேன். ஆமாங்க சார் என்றாள். நான்காவதையும் ஐந்தாவதையும் சொல்லி முடித்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று வகுப்புக்கு ஓடினாள்.